என்னை விற்ற வெள்ளிக்கிழமை

அன்றைக்கு அந்தக் கோயிலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: அப்பா, அம்மா, அம்மா இடுப்பில் தம்பி, காட்டுமன்னார்கோயிலிலிருந்து பஸ் பிடித்து வந்த மாமா, மாமா பெண்சாதி, பூசாரி, வாசலில் பூ விற்கிற அம்மாள், அப்புறம் நான். வேறு யாரும் கிடையாது. பின்னாளில் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் "நானும் அங்கதான் நின்னுகிட்டிருந்தேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நிற்கவில்லை. நின்றிருந்தால் எனக்குத் தெரியும். விற்கிற பொருளே நான்தானே, சுற்றி நின்றவர்களை நான் பார்க்காமல் யார் பார்த்திருப்பார்கள்?

நம் வயசுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு நோய் விடாமல் வந்தால் சாமிக்குக் கொடுத்துவிடுவார்கள். சாமியிடமிருந்து தாய்மாமன் தவிடும் காசும் போட்டு வாங்குவார். வாங்கின பிள்ளையைத் தன் வீட்டில் சில ராத்திரி வைத்திருந்து, பெற்றவர்கள் வந்து கேட்கும்போது கொடுப்பார். இப்படிக் கை மாறிக் கை மாறி வந்தால் பீடை வழி தெரியாமல் போய்விடும் என்பது கணக்கு. உங்களில்கூட ஒருத்தர் இரண்டு பேர் அப்படித் தவிட்டுக்கு வாங்கின பிள்ளைகளாக இருப்பீர்கள். என் பிள்ளைகளிடம் சொன்னால் "போலீசுல சொல்லியிருக்கலாமேம்மா" என்கிறார்கள். அதனால்தான் நம் கூட்டத்துக்கு வருகிற உங்களிடம் சொல்கிறேன். நான் ஆறாவதோடு நின்றவள். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லலாமா வேண்டாமா என்றே ஒரு மாதமாக எனக்குத் தூக்கமில்லை.

எனக்கு வலிப்பு. முதல் தடவை பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நிற்கும்போது விழுந்தேன். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் அதுவரைக்கும் என்னோடு பாண்டி ஆடின பிள்ளைகள், என் எச்சில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தள்ளி நின்றார்கள். கடலூர் டவுனில் ஒரு டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். நாக்கில் வைத்தால் கசப்பு காதுவரை ஏறும். அதைப் போட்டுக்கொண்டால் ரொம்ப நாளைக்கு ஒன்றும் வராது. அப்புறம் எப்போதாவது ஒரு தடவை வரும். அந்த ஒரு தடவைதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

கஷ்டத்தைப் பற்றி அம்மாவுக்கு ஒரு தீர்மானம் உண்டு. தலை வாரிவிடும்போது சொல்லுவாள். "கஷ்டம் ஆளப் பாத்து வர்றதில்லடி. வூட்டப் பாத்துதான் வரும். இன்னாரு வூட்டுப் பொண்ணுன்னு கேட்டுகிட்டே வரும். நீ இன்னாரு வூட்டுப் பொண்ணு இல்லன்னு ஆயிட்டா, வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிடும்." அவள் அதை பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னாள். நான்தான் ராத்திரியெல்லாம் வாசல் பக்கம் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று படுத்திருப்பேன்.

சிதம்பரத்தில் தேர் ஓடுகிற வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் அந்தச் சின்ன அம்மன் கோயில். கடலூரிலிருந்து நாங்களும், காட்டுமன்னார்கோயிலிலிருந்து அவர்களும் வருவதற்கு அதுதான் தோது. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் எலுமிச்சம்பழம் அழுகின வாடையும். பூசாரி என்னை அம்மனுக்கு எதிரே, கூரை இல்லாத கல் தரையில் படுக்கச் சொன்னார். வெயில் ஏறியிருந்தது. முதுகு சுட்டது. நெளிந்தேன். "ஆடாத புள்ள, ஆத்தா எடுத்துக்க வாணாமா?" என்றார்.

"பெத்தவங்க அந்தாண்ட திரும்பிக்குங்க."

அப்பாவும் அம்மாவும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். தம்பி மட்டும் அம்மாவின் தோளுக்கு மேலே தலையை நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அது ஒரு விளையாட்டு.

"ஆத்தா விக்கிறா. யாரு வாங்குறது?"

மாமா பேசவில்லை. மூன்று தரம் கேட்கணும், முதல் இரண்டு தரத்துக்கு வாய் திறக்கக் கூடாது என்பது முறை. யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று பீடைக்கும் தோன்றணுமாம். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

"ஆத்தா விக்கிறா. யாரு வாங்குறது?"

யாரும் பேசவில்லை. அம்மன் மேலே நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். எனக்குப் பாவாடையிலேயே மூத்திரம் போய்விட்டது.

வாசலிலிருந்து பூ விற்கிற அம்மாள் குரல் கொடுத்தாள். "யாருக்கும் வாணான்னா எங்கிட்ட தள்ளி வுடு சாமி. பூ கட்ட ஒரு கை கொறையுது."

எல்லோரும் சிரித்தார்கள். சுவரைப் பார்த்து நின்ற அப்பாவின் முதுகும் குலுங்கினது.

மூன்றாவது தரம் மாமா "நான் வாங்குறேன்" என்றார். தட்டில் காசை வைத்தார். அவர் மில்லிலிருந்து கொண்டுவந்த தவிட்டை என் தலைமாட்டில் கொட்டினார்கள். மூக்கில் ஏறித் தும்மினேன். "தும்மிட்டா, பீடை எறங்கிடுச்சு" என்றாள் மாமா பெண்சாதி. என் பச்சைப் பாவாடையை, மாங்காய்க் கரை போட்டது, தீபாவளிக்கு எடுத்தது, அங்கேயே உருவிக் கோயிலுக்குப் பின்னால் போட்டார்கள். பழைய வீட்டுத் துணி ஒரு நூல்கூடக் கூட வரக் கூடாது. தலையிலிருந்த சிவப்பு கிளிப்பையும் பிடுங்கிக்கொண்டார்கள். மாமா வாங்கி வந்த கவுன் கஞ்சி மொடமொடப்போடு முழங்காலுக்குக் கீழே தொங்கினது.

அப்பாவுக்கு எதையும் ஒரு தடவை கேட்டுத் தெளிந்துகொள்ளணும். அந்தக் குணம்தான் எனக்கும் வந்திருக்கிறது. கிளம்புகிற நேரத்தில் பூசாரியிடம் கேட்டார்: "சாமி, மச்சானுக்கு நாங்க இந்தக் காச திருப்பிக் குடுத்துட்டு புள்ளைய கூட்டிகிட்டா தப்பில்லையே?"

அதற்குள் வாசலில் வேறு யாரோ வந்து மணி அடித்துவிட்டார்கள். பூசாரி அந்தப் பக்கம் போய்க்கொண்டே, திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "காசு குடுத்து வாங்குனா, அதோட என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் சேத்துதான் வாங்குறீங்க."

அவர் அதை யோசித்துச் சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அப்பாவும் அம்மாவும் ஒரு தெரு வழியாகவும், மாமாவோடு நான் ஒரு தெரு வழியாகவும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அம்மா திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை.

மாமா ஒரு அரிசி மில்லை ஒட்டி நெல் அவிக்கிற களத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். வீடு களத்துக்குப் பின்னால். வீட்டுக்குள் எதைத் தொட்டாலும் தவிட்டுத் தூசி. தண்ணீர்க் குடத்தில்கூட மேலே ஒரு படலம் மிதக்கும். செவ்வாய்க்கிழமை அப்பாவும் அம்மாவும் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவது என்று பேச்சு. திங்கட்கிழமை சாயங்காலமே கவுனைத் துவைத்து விரித்து வைத்தேன்.

வந்தார்கள். வாசலில் அம்மாவைப் பார்த்ததும் "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கழுத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்படிக் கூப்புடாத. நான் ஒனக்கு அத்தை. ஒங்க அப்பாவோட தங்கச்சி. அத்தைன்னு சொல்லு."

மாமா வாங்கினதால் மாமா எனக்கு அப்பா. அப்படியென்றால் மாமாவின் தங்கை அத்தைதானே? முறை சரியாகத்தான் இருந்தது. மாமா பெண்சாதியை அம்மா என்று கூப்பிடலாம் என்று பார்த்தால், அவள் ஏற்கெனவே "என்ன அம்மான்னு கூப்புட்டு வயச ஏத்தாத, எப்பவும் போல அத்தைன்னே சொல்லு" என்று சொல்லியிருந்தாள். ஆக எனக்கு இரண்டு அத்தை இருந்தார்கள். அம்மா இல்லை.

"அத்தை" என்றேன். அதற்குப் பிறகுதான் அம்மா என் கன்னத்தைத் தொட்டாள்.

மாமா பாயில் உட்கார்ந்தபடி சொன்னார். "என்ன மாப்ள, எண்ணி வச்சிட்டுக் கூட்டிகிட்டுப் போங்க."

"என்ன மச்சான், தாய்மாமன் மொறைக்கு வாங்குனது. இதுல போயி காசா?"

"மொறை எல்லாம் சரி. ஆத்தாகிட்ட காசு போட்டு வாங்குனத சும்மா தூக்கிக் குடுத்தா, அவ பொருளுக்கு மதிப்பில்லன்னு ஆவுது. நாளைக்கு எம் புள்ளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆனா நீங்களா வந்து நிப்பீங்க?"

"நான் குடுத்தா நான் வாங்குனதா ஆயிடும். பூசாரி சொன்னது ஒங்க காதுலயும் வுழுந்துச்சுல்ல? எல்லாத்தையும் சேத்து வாங்குறதுன்னு."

"அதாவது, புள்ளைய நீங்க கூட்டிகிட்டுப் போவீங்க, பீடைய எங்க வூட்ல எறக்கி வச்சிட்டுப் போவீங்க. நல்லா இருக்கு மாப்ள, நல்லா இருக்கு."

இரண்டு பேரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. இரண்டு பேரும் அம்மனுக்குப் பயந்தவர்கள். சாப்பாடு போட்டார்கள். அப்பா மோர் ஊற்றிக்கொண்டார். தை பிறந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார்கள். போகும்போது அம்மா மாமா பெண்சாதி கையில் மாத்திரை அட்டையைக் கொடுத்தாள். "காலைல ஒன்னு, ராத்திரி ஒன்னு" என்றாள். என்னிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

மாமா பெண்சாதி அந்த அட்டையை அம்மன் படத்துக்குக் கீழே வைத்தாள். மறுநாள் வாய்க்காலில் போட்டுவிட்டு வந்தாள். "ஆத்தா தொட்டு எடுத்த ஒடம்பு. இதுக்கு மேல மாத்திரை குடுத்தா, ஆத்தா மேல நம்பிக்க இல்லன்னுல்ல ஆவும்? நம்பிக்க பாதி, மாத்திரை பாதின்னு இருந்தா ரெண்டும் வேலைக்கு ஆவாது." கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது நடக்கணும் என்றுதான் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒரு கரண்டி நெய் அதிகமாக ஊற்றினாள்.

மாமா மகன் காக்கி டவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போவான். நான் களத்துக்குப் போவேன். அவித்த நெல்லை சிமெண்டுத் தரையில் கொட்டி, காலாலேயே கிளறிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கணும். முதலில் பாதம் வெந்தது. அப்புறம் பழகிவிட்டது. நெல் அவிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு இடுப்புவலி. மூட்டை தூக்கித் தூக்கி வந்த வலி. என்னைப் பார்த்ததும் மரியாதையாக, "ஆத்தா கையிலேருந்து வந்தவ நீ. இப்படி வா கண்ணு, முதுகுல ஒரு மிதி மிதி" என்று குப்புறப் படுத்துக்கொள்வாள். நான் ஏறி நடப்பேன். "அப்பாடா, ஆத்தா, தாயே" என்பாள். எனக்குப் பெருமையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். அம்மன் என்னை வைத்து இவள் வலியை எடுக்கிறாள் என்றால் என் வலியை எடுத்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்? அப்படியென்றால் எனக்கு இனிமேல் வரக் கூடாது. வந்தால் என்ன ஆகும்? அம்மன் வேண்டாம் என்று திருப்பித் தந்துவிட்டாள் என்று ஆகும். மாமா வைத்துக்கொள்ள மாட்டார். தை மாதம் அப்பா காசோடு வந்தாலும் கூட்டிக்கொள்ள மாட்டார். தூங்குகிற நேரம் தவிர எல்லா நேரமும் இதுதான் ஓடும். கை லேசாக நடுங்கினால்கூட இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். இன்றைக்கும் கூட்டத்தில் அப்படித்தான் நிற்கிறேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

வந்தது. மார்கழியில், களத்து நடுவில். எனக்கு ஞாபகம் இருப்பது தகரக் கூரை பளிச்சென்று வெள்ளையாகப் போனது மட்டும். கண் விழித்தபோது உள்ளங்கையில் சாவிக்கொத்து அழுந்திக்கொண்டிருந்தது, நெல் அவிக்கிற பெண் குந்தியிருந்தாள். நாக்கைக் கடித்திருந்தேன். விழுந்த இடத்தில் நெல் கொதிக்கிற கொப்பரை இருந்ததால் இடது முழங்கை வெந்திருந்தது.

"யக்கா, மாமாகிட்ட சொல்லாதக்கா. யக்கா, ஒன் கால்ல வுழறேன்."

"அழுவாத. நான் எதுக்குச் சொல்றேன்?" என்றாள். சாவிக்கொத்தைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலமே சொல்லிவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பாள், கொப்பரை பக்கம் பிள்ளையை விடாதீர்கள் என்று. அதற்குப் பிறகு அவள் என்னை முதுகில் மிதிக்கச் சொன்னதே இல்லை. வலி வந்தால் களத்துச் சுவரில் சாய்ந்து தானே முதுகைத் தேய்த்துக்கொள்வாள்.

மாமா என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். மருந்து போடச் சொல்வார் என்று நினைத்தேன். பெண்சாதியிடம், "பழுதுன்னு தெரிஞ்சேதான் நம்ம தலையில கட்டியிருக்காங்க" என்றார். அவர் நெல் வாங்கும்போதும் கையில் அள்ளி, ஊதிப் பார்த்து, இதே குரலில்தான் பேசுவார்.

அப்பாவுக்கு ஆள் விட்டு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை, அதே கோயில். பஸ்ஸில் மாமா எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தார். வீட்டுக்குப் போகப் போகிறேன் என்று எனக்குள் ஒரே சந்தோஷம். முழங்கை சீழ் கோத்திருந்தது. அதைப் பார்த்தால் அம்மா விட மாட்டாள் என்று, கவுன் கையை நானே மேலே சுருட்டி விட்டுக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு இருந்த சூழ்ச்சி அவ்வளவுதான்.

"சாமி, பொருள் சரியில்ல. ஆத்தாளே எடுத்துக்கட்டும்" என்றார் மாமா.

பூசாரி, "வித்தத ஆத்தா திரும்ப எடுக்குறதில்ல" என்றார். "பெத்தவங்களுக்கும் வாங்குனவங்களுக்கும் உள்ளது அது. வெளிய போயி பேசிக்குங்க. பூசை நேரம்."

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். மாமா கையை நீட்டினார். "எங் காசக் குடுங்க மாப்ள. கூட்டிகிட்டுப் போங்க. ஒரு வார்த்த பேசல நான்."

அப்பா என் முழங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டைப் பையில் கையை விட்டார். "இந்தாங்க மச்சான், குடுத்துடறேன். என்ன வருதோ வரட்டும். புள்ள எளச்சுப் போயிட்டா" என்று ரூபாய் நோட்டை வெளியே எடுத்தார். நான் அப்பா பக்கம் ஒரு அடி நகர்ந்துவிட்டேன்.

அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "குடுக்காதீங்க."

"ஏய், கையப் பாருடி அவளுக்கு."

"பாத்தேன். குடுக்காதீங்க. வூட்ல சின்னவன் இருக்கான்."

தம்பி அவள் இடுப்பில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான். அம்மா மாமாவிடம் திரும்பினாள். "அண்ணா, அவ அங்கியே இருக்கட்டும். அங்க வந்தது பழைய மிச்சம். போவப் போவ நின்னுடும். காசு குடுத்து இங்க கொண்டாந்தா, அது புதுசா ஆரம்பிக்கும். எந்தப் புள்ள மேல எறங்கும்னு யாரு கண்டா?"

நான் சொன்னேன். "அத்தை, மாத்திரை போட்டா வராது அத்தை. வாய்க்கால்ல போட்டுட்டாங்க அத்தை. நானே ஞாபகமா போட்டுக்கறேன். தம்பிய தொட மாட்டேன். தனியா படுத்துக்கறேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் கூப்பிட்டுவிடுவோம் என்று இருந்திருக்கலாம். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எடுத்து, "இவ பேருக்கு ஒரு அர்ச்சன பண்ணிடுங்க" என்று உள்ளே போனாள். பூசாரி கோத்திரம் கேட்டபோது மாமா வீட்டுக் கோத்திரத்தைச் சொன்னாள்.

அப்பா நோட்டை நான்காக மடித்துத் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி, கெடந்துட்டுப் போவுது" என்றார் மாமா. "களத்துலயும் ஆள் பத்தல."

"தன் கண்ணையே குத்திகிட்ட மாதிரி பண்ணிட்டா. எந்தத் தாய்க்கு வரும் இந்த மனசு?" என்று மாமா பெண்சாதி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மாவைப் புகழ்ந்துகொண்டே வந்தாள். உண்மையாகவே கண் கலங்கினாள்.

இந்த மட்டில் நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அங்கேயே வளர்ந்தேன். மாமாதான் தாரை வார்த்துக் கொடுத்தார். கல்யாணமான மாதத்திலேயே என் வீட்டுக்காரர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அதே வெள்ளை மாத்திரை, அதே கசப்பு. சில வருஷம் போட்டேன். நின்றுவிட்டது. தம்பிக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. அம்மாவிடம் மாத்திரையைச் சொன்னால், "பாத்தியா, ஆத்தா ஒன்னயும் வுடல, அவனையும் வுடல" என்பாள். அவள் கணக்கில் எல்லாம் சரியாக வந்திருந்தது. அதை எதைச் சொல்லி நான் மறுப்பேன்? நான் உயிரோடு நிற்கிறேன், அவனும் நிற்கிறான்.

போன வருஷம் செம்மண்டலத்தில் அம்மா படுக்கையில் கிடந்தாள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, காதோரம் குனிந்து, மெதுவாகத்தான், "அம்மா" என்று கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள். என் கையைத் தட்டிவிட்டாள்.

"சத்தம் போடாத. கேட்டுடும்" என்றாள்.

மறுநாள் போய்விட்டாள். அத்தைக்கு எப்படி அழுவார்களோ அப்படி அழுதேன். ஒருத்தரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

அப்பா இல்லை, மாமாவும் இல்லை. மாமா மகன் மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவான். "ஏ புள்ள, ஒங்கப்பன் கடைசி வரைக்கும் குடுக்காமலே போயிட்டான் பாரு. நீ இன்னும் எங்க வூட்டு சாமான்தான், தெரிஞ்சிக்க" என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன். தம்பி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் வேணா அந்தக் காச போன்லயே போட்டு வுட்டுடட்டுமாக்கா? ஒரு நிமிஷ வேல" என்றான். வேண்டாம் என்றேன். அவன் வீட்டில் இப்போது கைக்குழந்தை இருக்கிறது. என் மகனும் கேட்டான். அவனுக்கும் இரண்டு சின்னதுகள். நானே அனுப்பலாம் என்று ஒரு நாள் போனைக் கையில் எடுத்தேன். எண்ணெல்லாம் போட்டுவிட்டேன். கை நடுங்கினது. இது பழைய நடுக்கமா, வயசு நடுக்கமா என்று பயந்துபோய் வைத்துவிட்டேன்.

பாக்கி நூற்றியோரு ரூபாய்.